மகள் வீட்டுக்குப் போய்வரும் அம்மாவுக்கு அமெரிக்க கிரெடிட் கார்டு கிடைக்குமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. வயது 64. மதுரை திருநகரில் தனியாக இருக்கிறேன். மகளும் மருமகனும் அமெரிக்காவில், டாலஸில் வேலை பார்க்கிறார்கள். கடந்த மூன்று வருடமாக விசிட்டர் விசாவில் ஏப்ரலில் போய் செப்டம்பரில் திரும்புகிறேன். அங்கே என்னுடைய டெபிட் கார்டு பெட்ரோல் பங்கிலும் கடைகளிலும் ஏற்கப்படவில்லை. ஒவ்வொரு முறையும் மருமகன்தான் பணம் கட்டுகிறார். அவர் ஒன்றும் சொல்வதில்லை, ஆனாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் பென்ஷன் பணம் இங்கே சும்மா கிடக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஏஜென்ட், 40,000 ரூபாய் கொடுத்தால் அமெரிக்க வரி எண் வாங்கி, அங்கேயே ஒரு கிரெடிட் கார்டும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார். கொடுக்கலாமா? இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டு கார்டு வைத்திருப்பது சட்டப்படி சரிதானா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பணத்தையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணமோ பாஸ்போர்ட்டோ கொடுத்திருந்தால், இதைப் படித்த கையோடு போய்த் திரும்பக் கேளுங்கள்.

உங்கள் ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் சம்பளம் வாங்கி, வீட்டை நடத்தி, பிள்ளையைப் படிக்கவைத்து அனுப்பிய ஒருவர், பேரனுக்கு ஒரு சட்டை வாங்கவும் இன்னொருவர் பர்ஸைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தால் மனது தைக்கத்தான் செய்யும். சொந்தப் பணத்தைச் சொந்தக் கையால் செலவு செய்ய வழி இருக்கிறது. அதற்கு அமெரிக்க கார்டு தேவையில்லை.

முதலில், அங்குள்ள வங்கிகள் ஏன் தயங்குகின்றன என்று பார்ப்போம். நம் ஊரில் சிபில் மதிப்பெண் பார்ப்பதுபோல அங்கே எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள் ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் வைத்திருக்கின்றன. அதிலிருந்து 300 முதல் 850 வரை ஒரு மதிப்பெண் வரும். இங்கே நீங்கள் வீட்டுக் கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்திருந்தாலும், அது அந்த ஏட்டில் தானாகப் போய்ச் சேராது. அங்கே நீங்கள் புது ஆள். கடன் வரலாறு இல்லை, அந்த நாட்டில் சம்பளம் இல்லை, விசிட்டர் விசாவில் வேலை பார்க்கவும் முடியாது. கூடவே, விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். அது அங்கே வேலை பார்க்க அனுமதி உள்ளவர்களுக்குக் கிடைப்பது. அது இல்லாதவர்களிடம் சில வங்கிகள் ஐடிஐஎன் என்ற வரி எண்ணை ஏற்றுக்கொள்கின்றன. ஏஜென்ட் நுழையும் வாசல் இதுதான்.

அமெரிக்காவில் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருந்தும் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க முடியாதவர்களுக்காக அந்நாட்டு வருமான வரித்துறை தரும் எண்தான் ஐடிஐஎன். டபிள்யூ-7 என்ற படிவத்தில் கேட்க வேண்டும். அரசு இதற்குக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. படிவத்தின் தொடக்கத்திலேயே, எதற்காக இந்த எண் வேண்டும் என்று கேட்பார்கள். ‘கிரெடிட் கார்டு வாங்க’ என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. வரி சம்பந்தமான ஒரு காரணத்தைக் காட்டி, பெரும்பாலும் வரிக் கணக்கையும் கூடவே இணைத்து அனுப்ப வேண்டும். சொன்னதெல்லாம் உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள், ஏஜென்ட் இல்லை. ஒரிஜினல் பாஸ்போர்ட்டை அவர் கேட்பதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. பாஸ்போர்ட்டையோ, அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகலையோ டெக்சாஸில் உள்ள ஆஸ்டின் நகருக்கு அனுப்ப வேண்டும். போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்காது. இதற்கென அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்டுகள் உண்டு, அவர்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சான்றளித்துவிட்டுத் திருப்பித் தரலாம். அப்படிப்பட்டவர் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

உங்களுக்கு அமெரிக்காவில் வருமானம் இல்லை. பிறகு எந்தக் காரணத்தைக் காட்டி எண் வாங்குவார்? நீங்கள் கேட்காத ஒரு விஷயத்துக்கு இங்கேதான் வர வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வாக்கியம் கார்டு பற்றியதே இல்லை. ‘ஏப்ரலில் போய் செப்டம்பரில் திரும்புகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம்வரை தங்க அனுமதி கிடைக்கும். அது குடியேற்றத் துறையின் கணக்கு. வரித்துறையின் கணக்கு வேறு. இந்த வருடம் அங்கே இருந்த நாட்கள் முழுதாக, போன வருட நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய வருட நாட்களில் ஆறில் ஒரு பங்கு. இந்த மூன்றையும் கூட்டி 183 வந்துவிட்டால், விசா எதுவாக இருந்தாலும், வரி விஷயத்தில் நீங்கள் அந்நாட்டுவாசி. உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 150 நாள் என்று வைத்தால் 150, 50, 25. மொத்தம் 225. முதல் வருடம் தப்பியிருப்பீர்கள். இரண்டாவது வருடமே 200 ஆகி எல்லையைத் தாண்டியிருக்கும். வருடா வருடம் 120 நாளோடு நிறுத்தியிருந்தால் 120, 40, 20 என்று 180-இல் நின்றிருக்கும். மதுரையிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் எத்தனையோ பெற்றோர் இதே ஐந்து மாதக் கணக்கில்தான் போய்வருகிறார்கள். இந்த 183 பற்றி அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியைவிட இதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

பயப்பட வேண்டாம், இதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அந்த வருடத்தில் 183 நாளுக்குக் குறைவாக அங்கே தங்கியவர், தன் வீடும் வாழ்க்கையும் வேறு நாட்டோடுதான் நெருக்கமாக இருக்கிறது என்று 8840 என்ற படிவத்தில் எழுதிக் கொடுத்தால் அமெரிக்கவாசியாகக் கருத மாட்டார்கள். அங்கே வரிக் கணக்கு தாக்கல் செய்யத் தேவையில்லாதவர் அதை அடுத்த வருடம் ஜூன் 15-க்குள் அனுப்ப வேண்டும். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தால் மட்டும் இந்த வழி அடைபட்டுவிடும். படிவத்தில் என்ன கேட்கிறார்கள்? உங்கள் நிரந்தர வீடு எங்கே, குடும்பம் எங்கே, உடைமைகள் எங்கே, ஓட்டு எங்கே, அன்றாட வங்கி வேலைகளை எங்கே செய்கிறீர்கள்? திருநகர் வீடு, மதுரைக் கருவூலத்தின் பென்ஷன், இங்குள்ள வைப்பு நிதி, வாக்காளர் அட்டை. குடும்பம் என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உங்களுக்குச் சாதகமான பதில்கள். இப்படி இருக்கும்போது வலியப் போய் அங்கே ஒரு வங்கிக் கணக்கும் கார்டும் திறப்பது, நீங்கள் நிரூபிக்க வேண்டியதற்கு எதிர்த்திசையில் ஒரு அடி வைப்பதாகும்.

இப்போது ஏஜென்ட்டைப் பாருங்கள். டபிள்யூ-7 படிவத்தில், ‘தங்கிய நாட்களின் கணக்குப்படி அமெரிக்கவாசி, வரிக் கணக்கு தாக்கல் செய்கிறேன்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எண் வாங்கித் தர அவருக்குச் சுலபமான வழி அந்தக் கட்டத்தில் குறியிட்டு, உங்கள் பெயரில் ஒரு வரிக் கணக்கை இணைத்து அனுப்புவதுதான். அப்படிச் செய்தால் நீங்களே ‘நான் அமெரிக்கவாசி’ என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். அதற்குப் பிறகு உங்கள் பென்ஷன், மதுரை வங்கி வட்டி எல்லாம் அந்தக் கணக்கில் காட்டப்பட வேண்டியவை. இந்தியாவில் உள்ள உங்கள் வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அதையும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு கார்டுக்காக இவ்வளவு பெரிய வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது, டீச்சர். போன இரண்டு வருடங்களுக்கு 8840 அனுப்பாதது பற்றி, உங்கள் மகளுக்கு வரிக் கணக்கு பார்க்கும் அங்குள்ள கணக்காளரிடம் (சிபிஏ) பேசச் சொல்லுங்கள். தாமதமானால் விலக்கை இழக்க நேரிடலாம், ஆனாலும் அக்கறையோடு நடந்துகொண்டதைக் காட்ட வழி உண்டு. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் வழியும் இருக்கிறது. அது கொஞ்சம் நீண்ட வேலை என்பதால் படிவத்தை முதலில் கவனிப்பது நல்லது.

இந்தியச் சட்டம் பற்றிக் கேட்டீர்கள். இங்கே தடை இல்லை. அன்னியச் செலாவணி விதிகள் அனுமதிக்கும் முறையில் வெளிநாட்டில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் இந்தியவாசி, வெளிநாட்டு வங்கியின் கிரெடிட் கார்டை வாங்கிக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பில்லை அந்த வெளிநாட்டுக் கணக்கிலிருந்து கட்டலாம். இங்கிருந்து கட்டுவதானால், உங்களுக்குக் கணக்கு உள்ள வங்கி மூலமாக, நேரே கார்டு கொடுத்த நிறுவனத்துக்கே பணம் போக வேண்டும். இடையில் இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது. ‘பில்லை என்னிடம் கொடுங்கள், நான் கட்டிவிடுகிறேன்’ என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் வெளிநாட்டில் ஒரு வங்கிக் கணக்கு வந்துவிட்டால், இங்கே வருமான வரிப் படிவம் மாறும். இப்போது நீங்கள் எளிய ஐடிஆர்-1 தான் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். வெளிநாட்டுக் கணக்கு இருந்தால் ஐடிஆர்-2 போட்டு, அதில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். கணக்கில் நூறு டாலர் இருந்தாலும் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், நிலம் வீடு தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகள் மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். அதற்காகக் காட்ட வேண்டிய கடமை போய்விடவில்லை. மகள் தன் அங்குள்ள கணக்கில் ‘ஒரு பாதுகாப்புக்கு’ என்று அம்மாவின் பெயரையும் சேர்த்திருப்பது நம் ஊர்க் குடும்பங்களில் சகஜம். அதுவும் காட்ட வேண்டிய கணக்குதான். உங்கள் பெயர் அப்படி எங்காவது இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்த ஏப்ரலுக்கு என்ன செய்யலாம்?

உங்கள் டெபிட் கார்டு ஏன் ஏற்கப்படவில்லை என்பதில் தொடங்குவோம். பென்ஷன் கணக்குக்குப் பெரும்பாலும் ரூபே கார்டுதான் கொடுப்பார்கள். அதில் சர்வதேசப் பயன்பாட்டுக்கு என்று வாங்கியது மட்டுமே அமெரிக்காவில் டிஸ்கவர் வலைப்பின்னல் வழியாகச் செல்லும். சாதாரண ரூபே செல்லாது. விசா, மாஸ்டர்கார்டு என்றாலும், 2020-இல் வந்த விதிப்படி புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். வங்கி ஆப்பிலோ கிளையிலோ நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். பெட்ரோல் பங்க் விஷயம் தனி. அங்கே பம்பிலேயே கார்டைச் செருகினால், கார்டுக்காரரின் முகவரியிலுள்ள ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்கும். நம் பின்கோடு ஆறு இலக்கம், எதைப் போட்டாலும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. உள்ளே கடைக்குப் போய், எத்தனையாவது பம்ப், எத்தனை டாலருக்கு என்று சொல்லி கவுன்ட்டரில் கார்டைக் கொடுத்தால் வேலை முடிந்தது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் மருமகன் முன்னால் கூச்சப்பட்டிருக்கிறீர்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

எப்படியானாலும் பென்ஷன் கணக்கின் டெபிட் கார்டை அங்கே எடுத்துப் போக வேண்டாம் என்பேன். யாராவது திருடிப் பயன்படுத்தினால் போவது உங்கள் கையிருப்பு. கிரெடிட் கார்டில் தவறான தொகை வந்தால், பணம் கட்டும் முன்பே தகராறு எழுப்ப முடியும்.

நீங்கள் எடுக்க வேண்டியது, வைப்பு நிதியை (எஃப்டி) ஈடாக வைத்து இங்குள்ள வங்கி தரும் கிரெடிட் கார்டு. 64 வயதில் சாதாரண முறையில் விண்ணப்பித்தால் வயதைச் சொல்லி மறுக்கலாம். எஃப்டி-யைக் காட்டினால் அந்தப் பேச்சு பெரும்பாலும் எழாது. எஃப்டி தொகையில் 75 முதல் 90 சதவீதம்வரை லிமிட் தருவது வழக்கம். மூன்று லட்சம் போட்டால் இரண்டே கால் லட்சத்துக்குக் குறையாது. எஃப்டி-க்கு வட்டி வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். விசா அல்லது மாஸ்டர்கார்டாகக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி கூடுதலாகப் பிடிக்கும் கட்டணம், அதாவது மார்க்கப், எத்தனை சதவீதம் என்றும் கேளுங்கள். வழக்கமான 3.5 சதவீதத்தோடு அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 4.13 சதவீதம் ஆகும். நீங்கள் மாதம் 300 டாலர் வீதம் ஐந்து மாதம் செலவு செய்தால் 1,500 டாலருக்கு 62 டாலர், நம் பணத்தில் ஆறாயிரம் ரூபாய்க்குள். ஏஜென்ட் கேட்கும் நாற்பதாயிரத்தோடு வைத்துப் பாருங்கள். மார்க்கப் இல்லாத கார்டுகளையும் இப்போது சில வங்கிகள் தருகின்றன. அது கிடைத்தால் இந்தச் செலவும் மிச்சம்.

இந்திய கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் வரி பிடிப்பார்கள் என்று யாராவது பயமுறுத்தியிருக்கலாம். 2023 மே மாதம் அப்படி ஒரு அறிவிப்பு வந்தது உண்மைதான். ஜூன் 28 அன்றே அரசு அதைத் தள்ளிவைத்துவிட்டது. இன்றைய நிலையில், வெளிநாட்டுப் பயணத்தில் கிரெடிட் கார்டில் செய்யும் செலவு, ஒருவர் வருடத்துக்கு 2,50,000 டாலர்வரை அனுப்பலாம் என்ற திட்டக் கணக்கில் சேராது.

கூடவே துணைக்கு ஒரு ஃபாரெக்ஸ் கார்டு. டாலரை ஏற்றிக்கொண்டு போனால் டாலராகவே செலவாகும், மார்க்கப் இல்லை. இது மேற்சொன்ன திட்டக் கணக்கில் சேரும். ஆனால் நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் வரி முன்பிடித்தம் வரும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஓட்டலிலும் பெட்ரோல் பங்கிலும் இதைக் கொடுக்காதீர்கள். முன்கூட்டி ஒரு பெரிய தொகையை நிறுத்திவைத்து, சில நாள் கழித்துத்தான் விடுவிப்பார்கள். அதுவரை உங்கள் டாலர் முடங்கிக் கிடக்கும். அங்கெல்லாம் கிரெடிட் கார்டு. வழியில் விமான நிலையக் கடைகளில் ‘ரூபாயில் போடவா’ என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதம் மோசமாக இருக்கும். அப்புறம், கிரெடிட் கார்டில் ஏடிஎம்-இல் பணம் எடுக்காதீர்கள், எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். வங்கியில் பதிந்திருக்கும் செல்பேசி எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும்.

இதற்கு மேலும் அமெரிக்க கார்டு ஒன்று கையில் இருந்தால் தேவலை என்று தோன்றினால், நேர்மையான ஒரு வழி இருக்கிறது. மகள் தன்னுடைய கார்டில் உங்களைக் கூடுதல் பயனாளராகச் சேர்க்கலாம். இதற்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்காத நிறுவனங்கள் சில உண்டு. பெயரும் பிறந்த தேதியும் போதும். கார்டில் உங்கள் பெயர் இருக்கும், கடன் மகளுடையது. சில கார்டுகளில் உங்களுக்கென்று தனி வரம்பும் வைக்க முடியும். அந்தச் செலவை நீங்கள் திருப்பிக் கொடுக்க விரும்பினால் உங்கள் வங்கியிலிருந்து மகளுக்கு முறையாக அனுப்பலாம். வேண்டாம் என்று மகள் சொன்னால், அது மகள் தாய்க்குத் தரும் அன்பளிப்பு. உங்களுக்கு இங்கே வரி இல்லை. இதில் என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விரும்புவது உங்கள் பணம் உங்கள் கையால் செலவாவதை. ஆகவே இதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அன்றாடத்துக்கு மதுரை கார்டையே பயன்படுத்துங்கள்.

வேலைக்காகவோ படிக்கவோ வெளிநாடு போகும் பிள்ளைகளின் கதை வேறு. அங்கே சம்பளமும் முகவரியும் வந்தபின் அந்த ஊர் கார்டு எடுக்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் முதல் கார்டை டெபாசிட் கட்டி எடுப்பார்கள். ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டினால் மதிப்பெண் தோன்றத் தொடங்கும். இங்கே அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு வைத்திருப்பவர்கள் அந்த உறவைக் காட்டி அங்கேயும் அதே நிறுவனத்தில் விண்ணப்பிக்கலாம். துபாய்ப் பக்கம் குறிப்பிட்ட அளவு மாதச் சம்பளம் அல்லது ஈடாக டெபாசிட் கேட்பார்கள். உள்ளூர் வருமானம் என்ற அடிப்படை எங்கும் மாறுவதில்லை.

கடைசியாக நாள் கணக்கு. அமெரிக்க எல்லைத் துறையின் ஐ-94 இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தால் நீங்கள் போய்வந்த தேதிகள் எல்லாம் வரும். மகளை எடுத்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு வருடத்துக்கும் நாட்களை எண்ணி எழுதி வையுங்கள். வந்து இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். முந்தைய இரண்டு வருடத்தில் 150 நாள் வீதம் இருந்ததால் அடுத்த பயணத்துக்கு 75 நாள் ஏற்கெனவே கணக்கில் நிற்கிறது. 107 நாளுக்குள் திரும்பிவிட்டால் அந்த வருடத்துக்கு 8840 படிவமே தேவைப்படாது. பேரனை விட்டு வர மனம் இல்லை என்றால் ஐந்து மாதமும் தாராளமாக இருங்கள், ஆனால் அடுத்த ஜூன் 15-க்குள் படிவம் போயாக வேண்டும். டிக்கெட் போடும்போதே மகளிடம் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.